பினாங்குக்கு வந்தால் முதலில் காட்டுக்குள் போங்கள், கடலை அங்கிருந்து பாருங்கள்

கேள்வி இதுதான்: கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு குடும்பம் டிசம்பர் விடுமுறையில் மூன்று நாள் பினாங்குக்கு வருகிறது. நாகப்பட்டினத்திலிருந்து சித்தப்பா குடும்பமும் கூட வருகிறது. பேரங்காடி வேண்டாம், சுவரோவியங்கள் வேண்டாம். கடற்கரை, காடு, மலை போதும். பிள்ளைகளுக்குக் கடலில் குளிக்க ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி. எங்கே போகலாம், எதை விடலாம்?

பிள்ளைகள் வந்து ஏமாறக் கூடாது என்பதால் கடலிலிருந்தே தொடங்குகிறேன். பினாங்குக் கடல் நீலமாக இருக்காது. தீவு நிற்பது மலாக்கா நீரிணையின் வடக்கு வாயில். ஆழம் குறைந்த கடல் அது. எதிர்க்கரையில் மூடா ஆறும் பிறை ஆறும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கடல் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த வண்டல் கலங்குகிறது. அதனால் தண்ணீர் பச்சையும் பழுப்புமாகத்தான் தெரியும். கண்ணாடி போன்ற தண்ணீரும் பவளப் பாறையும்தான் வேண்டும் என்றால் கிழக்குக் கரையில் பெர்ஹெந்தியான், ரெடாங் பக்கம் போக வேண்டும். அதுவும் டிசம்பரில் முடியாது, அங்கே பருவமழைக் கொந்தளிப்பு.

பிறகு பினாங்கில் என்ன இருக்கிறது? 800 மீட்டருக்கு மேல் உயர்ந்த கருங்கல் மலை, அதிலிருந்து கடல் விளிம்பு வரை இறங்கி வரும் மழைக்காடு. ஒரு பெரிய நகரத்திலிருந்து நகரப் பேருந்தில் ஏறி இப்படிப்பட்ட காட்டு வாசலில் போய் இறங்குவது உலகத்தில் அதிக இடங்களில் நடக்காது. அந்த மலையான கொடிமலை (பினாங்கு ஹில்), தாவரவியல் பூங்கா, தேசியப் பூங்கா, அதை ஒட்டிய கடல் எல்லாவற்றையும் சேர்த்து 12,481 ஹெக்டேரை 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மலேசியாவில் தாசேக் சினி, குரோக்கர் மலைத்தொடருக்குப் பிறகு இது மூன்றாவது. நீங்கள் வந்து பார்க்க வேண்டியது இதைத்தான்.

பத்து பெரிங்கியைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். தாராளமாகப் போகலாம், ஆனால் மாலையில் போங்கள். மணல் நன்றாக இருக்கும். மலைக் கருங்கல் உதிர்ந்து வந்த பரும்படியான மணல், காலில் சேறு ஒட்டாது. பெரிய ஓட்டல்கள் வரிசையாக நின்றாலும் மணலில் நடக்க யாரும் தடுக்க மாட்டார்கள். பிள்ளைகளைக் கரையோரம் விளையாட விடலாம். ஜெட் ஸ்கியும் பாராசூட் இழுக்கும் படகும் வந்து போகும் பகுதியை விட்டுத் தள்ளியே இருங்கள். ஓடை வந்து கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் குளிக்க வேண்டாம். இருட்டியதும் சாலையோரம் இரவுச் சந்தை போடுவார்கள், அதை ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாம்.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பத்து பெரிங்கி வடக்குப் பார்த்த கரை. டிசம்பரில் சூரியன் தென்மேற்கில் மறைவதால், உங்கள் இடது கைப் பக்கம் மலைக்குப் பின்னால் போய்விடும். கடலில் சூரியன் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று அங்கே போய்க் காத்திருந்தால் வானத்தில் நிறம் மட்டும்தான் கிடைக்கும். சூரியன் தண்ணீரில் இறங்குவதைப் பார்க்க தீவின் மேற்குக் கரைக்குப் போக வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

குளிப்பதைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. இங்குள்ள கடலில் ஜெல்லி மீன் உண்டு. சில சாதாரணமானவை, அரிப்போடு போய்விடும். பெட்டி வடிவ ஜெல்லி மீன் வகையும் இந்தக் கடலில் இருக்கிறது, அது ஆபத்தானது. தண்ணீரில் இறங்குகிற பிள்ளைகளுக்கு முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை போட்டுவிடுங்கள். ஒரு சின்ன பாட்டில் வினிகர் பையில் இருக்கட்டும். கொட்டிவிட்டால் தேய்க்கக் கூடாது, மணல் போடக் கூடாது, நல்ல தண்ணீரால் கழுவவும் கூடாது. வினிகரை அரை நிமிடமாவது தாராளமாக ஊற்றி, ஒட்டியிருக்கும் இழைகளை மெல்ல எடுத்துவிட்டு, மூச்சு வாங்கினாலோ வலி ஏறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் இந்த ஏற்பாட்டோடுதான் கடலில் இறங்க விடுகிறோம்.

தஞ்சோங் பூங்கா என்ற ஊருக்கும் பத்து பெரிங்கிக்கும் நடுவே, சாலையை ஒட்டி மியாமி கடற்கரை இருக்கிறது. சின்னது, பாறைகள் உண்டு, நிழல் உண்டு, உள்ளூர்க்காரர்கள் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து உட்காருவார்கள். சிறு பிள்ளைகளுக்கு அதுவே போதும். கர்னி டிரைவ் கடற்கரை என்று யாராவது சொன்னால், அது குளிக்கிற கரை இல்லை. காற்று வாங்கலாம், அவ்வளவே.

சரி, இப்போது தேசியப் பூங்காவுக்கு வருகிறேன். மூன்று நாளில் ஒரு நாளை முழுசாக இதற்குக் கொடுங்கள். 101 பேருந்து ஜார்ஜ் டவுன் நகரத்தின் படகுத்துறையான ஜெட்டியிலிருந்தும் கொம்தார் பேருந்து நிலையத்திலிருந்தும் புறப்பட்டு, தெலுக் பகாங் வரை போகிறது. அங்கேதான் பூங்காவின் வாசல். பழைய பந்தாய் ஆச்சே வனக் காப்பகம் 2003-இல் தேசியப் பூங்காவானது. நிலமும் கடலுமாகச் சுமார் 2,500 ஹெக்டேர். தேசியப் பூங்கா என்ற கணக்கில் மிகச் சிறியது. அந்தச் சின்ன இடத்துக்குள் மேட்டு நிலக் காடு, அலையாத்திக் காடு, மணற்கரை, பாறைக்கரை, சேற்றுப் பரப்பு, ஓர் அதிசய ஏரி எல்லாம் அடங்கிவிட்டன.

வாசலில் பெயர் பதிந்து கட்டணம் கட்டிவிட்டு உள்ளே போனால் முதல் கொஞ்ச தூரம் கடலோரமாகச் சமமான பாதை. அம்மா இதுவரை வரலாம். பிறகு ஒரு தொங்கு பாலம், அதையடுத்துப் பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் போனால் கடலோரமாகவே தெலுக் துக்குன், தெலுக் ஆலிங் தாண்டி, குரங்குக் கடற்கரை என்கிற தெலுக் டூயோங். தெலுக் ஆலிங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையம் இருக்கிறது. குரங்குக் கடற்கரையிலிருந்து மேலே ஏறினால் மூக்கா ஹெட் கலங்கரை விளக்கம், 1883-இல் கட்டியது. கட்டடம் உயரமில்லை, ஆனால் கடல் மட்டத்திலிருந்து 240 மீட்டருக்கு மேல் குன்றின் உச்சியில் நிற்பதால் அதன் ஒளி வெகுதூரம் போகும்.

இடது பக்கம் ஏறினால் பந்தாய் கெராச்சுட். என்னைக் கேட்டால் இதுதான். வாசலிலிருந்து மூன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம். பெரிய மரங்களின் நிழல் விடாமல் கூட வரும். மேட்டில் செராயா மெராந்தி மரங்களைப் பாருங்கள்: அடிமரம் சாம்பல் நிறத்தில் நெடுநெடுவென்று போய், உச்சியில் பூக்கோசு போலத் திரண்டு நிற்கும். ஷோரியா கர்டிசியை என்ற இதன் தாவரவியல் பெயர், பினாங்குத் தாவரவியல் பூங்காவின் முதல் கண்காணிப்பாளரான சார்ல்ஸ் கர்டிஸின் பெயரால் வந்தது.

காடு முடிந்து வெளிச்சம் வரும் இடத்தில் ஒரு நடைபாலம். அதன் மேல் நின்று கீழே பார்த்தால் ஏரி. மலையிலிருந்து வரும் ஓடைத் தண்ணீரும், கடல் பொங்கும்போது மணல்மேட்டைத் தாண்டி வரும் உப்புத் தண்ணீரும் ஒரே குழியில் சேர்கின்றன, ஆனால் கலப்பதில்லை. உப்புத் தண்ணீர் கனம் அதிகம் என்பதால் அடியில் தங்கிவிடும், நல்ல தண்ணீர் மேலே மிதக்கும். இப்படி அடுக்காக நிற்கும் ஏரிகள் ஆசியாவில் அபூர்வம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அடர்த்தி என்று சொல்லித் தருவதை இங்கே கண்ணெதிரே காட்டலாம். ஒன்று, இது பருவ ஏரி. மழைக்காலம் முடிந்து வரும்போது தண்ணீர் இருக்கும், ஜனவரி பிப்ரவரி வறட்சியில் வெறும் சேற்றுத் தரையாகக் கிடக்கும். டிசம்பரில் வருவதால் தண்ணீரைப் பார்க்க வாய்ப்பு அதிகம்.

கடற்கரையின் ஓரத்தில் ஆமைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. பச்சை ஆமைகள் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரையிலும், சிற்றாமைகள் செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரையிலும் முட்டையிட வருகின்றன. சித்தப்பாவுக்கு இந்தச் சிற்றாமையைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சோழ மண்டலக் கரைக்கு ஆண்டுதோறும் வரும் ஆலிவ் ரிட்லி ஆமைதான் இது. இங்கே முட்டைகளைச் சேகரித்து, வேலியிட்ட மணலில் புதைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள். மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமையும். சூடு கூடினால் பெண். உலகம் சூடாகிக்கொண்டே போகிற காலத்தில் இது சாதாரணச் செய்தி இல்லை. மையத்தில் இருப்பவர்களிடம் கேளுங்கள், பொறுமையாகச் சொல்வார்கள்.

கெராச்சுட்டில் குளிக்கக் கூடாது. கரை சட்டென்று ஆழமாகும், அடிநீரோட்டம் இழுக்கும், ஜெல்லி மீனும் அதிகம். பார்க்க அமைதியாக இருப்பதை நம்பிப் பிள்ளைகளை இறக்கிவிடாதீர்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்னப் பூச்சிகள் மணலில் கடிக்கும், கால்களில் பூச்சித் தைலம் தடவிக்கொள்ளுங்கள். உள்ளே கடை கிடையாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது வேண்டும்.

அம்மாவுக்கு என்ன வழி? தெலுக் பகாங் ஜெட்டியில் படகு கிடைக்கும். ஆளுக்கு இவ்வளவு என்று இல்லாமல் படகுக்கு இவ்வளவு என்று விலை சொல்வார்கள். இரண்டு குடும்பமாக வருவது உங்களுக்கு நல்லதாகப் போயிற்று. நடக்க முடிந்தவர்கள் காட்டு வழியே கெராச்சுட் போகட்டும், அம்மாவும் சித்தியும் படகில் வரட்டும், திரும்பும்போது எல்லாரும் படகில். எத்தனை மணிக்குத் திரும்ப வந்து ஏற்ற வேண்டும் என்பதைப் புறப்படும் முன்பே படகுக்காரரிடம் உறுதியாகப் பேசிவிடுங்கள். பெருமழைக்குப் பிறகு மரம் விழுந்தோ மண் சரிந்தோ சில பாதைகளை மூடிவிடுவார்கள், அதனால் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று முதலில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

தெலுக் பகாங்கில் இன்னொன்றையும் நிமிர்ந்து பாருங்கள். சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் ஒரு பாலம் கட்டியிருக்கிறார்கள், பழைய தீயணைப்புக் குழாய்களால். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கரிய லோத்தோங் குரங்குகள் சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தன. லங்கூர் புராஜெக்ட் பினாங்கு என்ற குழு 2019-இல் இந்தப் பாலத்தை அமைத்தது. இப்போது அவை சாலையில் இறங்காமலே கடக்கின்றன. லோத்தோங் குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், கரிய தாயின் மடியில் அதைப் பார்த்தால் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். லோத்தோங் இலை தின்னும் சாது. நீண்ட வால் குரங்குதான் பையைப் பறிக்கும். அதற்கு எதையும் கொடுக்காதீர்கள், பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். மனிதர் கொடுத்துப் பழக்கியதால்தான் அவை அப்படி ஆயின.

அடுத்தது கொடிமலை. அம்மாவுக்காகவே இருக்கிற மலை என்று சொல்லலாம், ஏனென்றால் ரயில் ஏறிக்கொள்ளும். 1923-இல் ஓடத் தொடங்கிய மலை ரயில் அது. முன்பு பாதி வழியில் இறங்கி வண்டி மாற வேண்டும், அரை மணி நேரம் ஆகும். 2011-இல் புது ரயில் வந்த பிறகு மாறாமல் சில நிமிடத்தில் மேலே போய்விடலாம். மேலே நகரத்தைவிட ஏறத்தாழ ஐந்து டிகிரி குளிர்ச்சி. அதிகாலையில் போனால் ஒரு பக்கம் ஜார்ஜ் டவுன், நீரிணை, இரண்டு பாலங்கள், வானம் தெளிவாக இருந்தால் வடக்கே கெடாவின் ஜெராய் மலை வரை தெரியும். கடாரத்துக்குக் கப்பலில் வந்த நம் முன்னோருக்குக் கரை அடையாளம் காட்டிய மலை அது. சித்தப்பாவுக்கு அதைக் கட்டாயம் காட்டுங்கள்.

உச்சியில் அருளொளி திருமுருகன் ஆலயம் இருக்கிறது. மலையில் வேலை செய்த தமிழர்கள் வழிபட்ட இடம் இன்று வண்ணக் கோபுரத்தோடு நிற்கிறது. ரயில் வருவதற்கு முன்னால் வெள்ளைக்காரர்களை நாற்காலியில் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள் கூலியாட்கள். கும்பிட்டுவிட்டு அந்தச் சரிவைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள், எவ்வளவு செங்குத்து என்று தெரியும்.

கூட்டம் மேல் நிலையத்தைச் சுற்றித்தான் இருக்கும். ஹேபிடாட் என்ற இயற்கைப் பூங்கா பக்கம் போனால் 1.6 கிலோமீட்டர் இயற்கைப் பாதை, மர உச்சிகளுக்கு நடுவே 230 மீட்டர் தொங்கு நடைபாலம். கட்டணம் கொஞ்சம் கூடுதல், ஆனால் கொடுக்கிற காசுக்குத் தகும். பாதை சீராக இருப்பதால் முழங்கால் வலிக்காரர்களும் மெல்ல நடக்கலாம். ஆள் உயரப் பெரணிகள், குடுவைத் தாவரங்கள், பூனை அளவுக்குக் கருப்பு மலை அணில் என்று பிள்ளைகளுக்குக் காட்ட நிறைய உண்டு. டிசம்பர் விடுமுறையில் பத்து மணிக்கு மேல் ரயிலுக்கு நிற்பது கடினம். டிக்கெட்டை முன்பே இணையத்தில் எடுத்துக்கொண்டு காலை முதல் வண்டிகளில் ஏறப் பாருங்கள். 204 பேருந்து அடிவார நிலையம் வரை போகும்.

மலையிலிருந்து இறங்கிய நாளின் மாலையில் தாவரவியல் பூங்கா வைத்துக்கொள்ளலாம். 1884-இல் சார்ல்ஸ் கர்டிஸ் பொறுப்பேற்று, பழைய கருங்கல் குவாரி இருந்த பள்ளத்தாக்கில் உருவாக்கியது. நுழைவு இலவசம், பாதை சமம். நாகலிங்க மரங்கள் இருக்கின்றன, அடிமரத்திலேயே பூவும் பீரங்கிக் குண்டு போன்ற காயும் தொங்கும். சித்திக்குப் பார்த்த மாத்திரத்தில் ஊர்க் கோயில் நினைவு வரும். மேலே இருக்கும் அருவிதான் ஒரு காலத்தில் துறைமுகத்துக் கப்பல்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தது. இப்போது அது குடிநீர்ப் பாதுகாப்புப் பகுதி, அனுமதி வாங்காமல் பக்கத்தில் போக முடியாது. பூங்காவுக்குப் போகும் வழியிலேயே தண்ணீர்மலை. மேலே பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். முடிந்தவர்கள் விடியற்காலையில் ஏறுங்கள். அம்மா கீழே சாலையோர நகரத்தார் கோயிலிலேயே முருகனைக் கும்பிட்டுக்கொள்ளட்டும்.

மூன்றாம் நாள் பாலிக் புலாவ், அதாவது மலைக்கு அந்தப் பக்கம். தெலுக் பகாங்கிலிருந்து மலை வளைவுகளில் ஏறி இறங்கும் சாலையில் போங்கள், காரில் போவது வசதி. வழியில் தித்தி கெராவாங் ஓடை, அப்புறம் பழத்தோட்டங்கள், கிராம்பு, ஜாதிக்காய். டுரியான் காலம் மே, ஜூன் என்று நடு ஆண்டில்தான் பெரிதாக வரும். டிசம்பரில் கிடைத்தால் கிடைத்தது. ஜாதிக்காய்ச் சாறு எப்போதும் கிடைக்கும், பாலிக் புலாவ் லக்சாவோடு அதைக் குடிக்காமல் வராதீர்கள். கீழே இறங்கினால் நெல் வயல்கள், அதற்கப்பால் மேற்குக் கடல்.

பாசிர் பாஞ்சாங் கடற்கரையில் மாலை ஐந்தரைக்கு இருங்கள். ஏழு மணிக்கு மேல் சூரியன் கடலுக்குள் இறங்கும், நடுவே மலையும் கட்டடமும் இல்லை. அலை இங்கே வலுவாக இருக்கும், அதனால் குளிக்க வேண்டாம். இந்தக் கரையில் உங்களுக்கும் எங்களுக்கும் பொதுவான ஒரு துயரம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்கு வந்திருந்த நேரத்தில் ஆழிப்பேரலை அடித்தது. பினாங்கில் 52 பேர் போனார்கள், இந்தக் கரையில் மட்டுமே பல உயிர்கள். அதே நாளில் நாகப்பட்டினத்தில் போனவர்கள் ஆயிரக்கணக்கில். நீங்கள் வரும் நாட்கள் அந்த நாளை ஒட்டியே அமைகின்றன. சித்தப்பா அங்கே கொஞ்ச நேரம் நிற்க விரும்புவார் என்று நினைக்கிறேன்.

இன்னும் நேரம் இருந்தால் செபராங் பிறை, அதாவது எதிர்க்கரைப் பக்கம் சில இடங்கள். புக்கிட் மெர்தாஜத்தில் செரோக் தோக்குன் காட்டுக்குப் போகும் வழியில், புனித அன்னாள் தேவாலய வளாகத்தில் ஒரு பாறை. அதில் பல்லவ எழுத்தில், சமஸ்கிருதத்தில் வெட்டிய வாசகம். 1845-இல் ஜேம்ஸ் லோ என்பவர் கண்டறிந்தது, ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டு பழமையானது. பறவை பார்ப்பவர்கள் தெலுக் ஆயிர் தாவார் சேற்றுக் கரைக்குப் போகலாம். சைபீரியாவிலிருந்து வரும் கரைப்பறவைகள் டிசம்பரில் அங்கேதான் இருக்கும். பூலாவ் அமான் தீவுக்குப் படகு பிடித்து இறால் மீ சாப்பிட்டுவிட்டு வருவதும் உண்டு. ஜெரெஜாக் தீவைப் பாலத்திலிருந்து பார்த்தாலே போதும்: தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர்களை நோய்த் தடுப்புக்காக அங்கேதான் வைத்திருந்தார்கள். நாகப்பட்டினத்தில் ஏறி இங்கே இறங்கிய உங்கள் தாத்தா, பாட்டி காலத்து ஆட்கள் மலாயாவில் முதலில் மிதித்த மண் அதுவாக இருக்கலாம்.

மழையைப் பற்றி: இங்கே செப்டம்பர், அக்டோபர்தான் கனமழை, நவம்பர் வரை நீளும். டிசம்பர் நடுவிலிருந்து குறையும், ஜனவரியும் பிப்ரவரியும் வறட்சி. வடகிழக்குக் காற்றுக் காலத்தில் மேற்குக் கரைக் கடல் பொதுவாக அடங்கியிருக்கும், படகுப் பயணத்துக்கு நல்லது. இருந்தாலும் மழை பிற்பகலில்தான் பெரும்பாலும் வரும் என்பதால் காட்டை எப்போதும் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

செந்தூலிலிருந்து காரில் வந்தால் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். விடுமுறைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் இடிஎஸ் ரயில்தான் சுகம். நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த், அங்கிருந்து பெர்ரி ஏறினால் கால் மணியில் ஜார்ஜ் டவுன். பாலிக் புலாவ் நாளுக்கு மட்டும் இங்கே வண்டி வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் வந்து சேர்ந்த மாலையில் பத்து பெரிங்கி, இரண்டாம் நாள் முழுவதும் தேசியப் பூங்கா, மூன்றாம் நாள் காலை கொடிமலை, பிற்பகல் பாலிக் புலாவ் என்று வைத்தாலும் முடியும், ஆனால் அவசரமாகும். நான்காவது நாள் ஒன்று கிடைத்தால் கொடிமலையையும் தாவரவியல் பூங்காவையும் அந்த நாளுக்குத் தள்ளிவிடுங்கள். கிடைக்காவிட்டால் மேலே சொன்னதில் பத்து பெரிங்கியை விடுங்கள், தேசியப் பூங்காவை விடாதீர்கள்.